பாஸ்வேர்டு கேட்கும் டாஷ்போர்டுக்குள் பாஸ்வேர்டு இல்லாமல் வந்தவர்

ஆன்லைனில் பொருள் விற்கும் சிறு நிறுவனம் ஒன்றில், கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகக் கவனித்துக்கொள்பவர் இந்த வாசகர். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன். வாடகைக்கு எடுத்த ஒரு கிளவுட் சர்வரில், டாக்கர் (மென்பொருள்களைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி) மூலமாக, வரைபடம் காட்டும் கிராஃபானாவையும், அளவீடுகளைச் சேகரிக்கும் புரோமீதியஸையும் நிறுவியிருக்கிறார். சர்வரின் நிலவரம், அன்றைய ஆர்டர் எண்ணிக்கை எல்லாம் அலுவலகச் சுவரில் உள்ள டிவியில் வரைபடமாக ஓடும். முன்னால் வாயில்காப்பான் போல (பிராக்ஸி என்பார்கள்) என்ஜின்எக்ஸ் நிற்கிறது, அது பாஸ்வேர்டு கேட்கும். எச்டிடிபிஎஸ் உண்டு. யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் 22, 80, 443 என்ற மூன்று போர்ட்களுக்கு, அதாவது எண்ணிட்ட வாசல்களுக்கு, மட்டும்தான் அனுமதி.

உள்ளே போக இரண்டு தடவை பாஸ்வேர்டு போட வேண்டியிருக்கிறது என்று சக ஊழியர்கள் முணுமுணுத்திருக்கிறார்கள். அதுதான் என்ஜின்எக்ஸ் கேட்கிறதே என்று, கிராஃபானாவில் லாகின் இல்லாமலே நுழையும் அநாமதேய அனுமதியை இவர் திறந்துவிட்டார். பார்க்க மட்டும் உதவும் வியூவர் நிலையில் டிவி திரையைத் திருத்த முடியவில்லை என்பதால், அந்த அநாமதேயருக்கு அட்மின் நிலையையும் கொடுத்துவிட்டார். மாதக்கணக்கில் எந்தப் பிரச்சினையும் இல்லை. போன வாரம் முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து மெயில் வந்திருக்கிறது: “உங்கள் டாஷ்போர்டு பாஸ்வேர்டு இல்லாமல் திறக்கிறது. ஸ்கிரீன்ஷாட் இணைத்திருக்கிறேன். இப்படிச் சொல்பவர்களுக்கு ஏதாவது சன்மானம் உண்டா?”

வாசகரின் கேள்விகள் இவை. இது மிரட்டலா? கிராஃபானா இயங்கும் 3000 என்ற போர்ட்டே ஃபயர்வால் அனுமதியில் இல்லாதபோது எப்படித் திறந்தது? சர்வர் முகவரி யாருக்கும் தெரியாதே? வெறும் வரைபடம்தானே, யாருக்கு என்ன நஷ்டம்? கடைசியாக, “மெயிலை அழித்துவிட்டு, சர்வரைப் புதிதாகப் போட்டு, சத்தமில்லாமல் முடித்துவிடலாமா? முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும்” என்று கேட்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். மெயிலையும் அழிக்க வேண்டாம், சர்வரையும் அழிக்க வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அதற்குள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

உங்கள் செல்போனில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில், பிரவுசரின் பிரைவேட் பக்கத்தில் சர்வரின் ஐபி முகவரியைப் போட்டு, பக்கத்தில் முக்காற்புள்ளியும் (:) 3000மும் சேர்த்துத் திறந்து பாருங்கள். அப்புறம் 9090ஐயும் பாருங்கள், அது புரோமீதியஸ். அலுவலக நெட்வொர்க்கிலிருந்தோ சர்வருக்குள்ளிருந்தோ சோதித்தால் வெளியாளுக்கு என்ன தெரிகிறது என்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது. டாஷ்போர்டு திறந்தால் பதற வேண்டாம். நேரத்தோடு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, கிளவுட் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பக்கத்துக்குப் போங்கள். பெரும்பாலான கிளவுட் நிறுவனங்கள், சர்வருக்கு வெளியே இயங்கும் நெட்வொர்க் ஃபயர்வால் ஒன்றைத் தருகின்றன. அதில் 80, 443 இரண்டையும் தவிர மற்றதையெல்லாம் மூடுங்கள். 22ஐ உங்கள் ஐபிக்கு மட்டும் விடுங்கள். சர்வருக்குள் இப்போதைக்கு எதையும் தொடாதீர்கள்.

எப்படித் திறந்தது

நீங்கள் எழுதியதைப் படித்தால், ஒவ்வொரு பாகமும் அதனதன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. என்ஜின்எக்ஸ் தன் வழியாக வருபவரிடம் பாஸ்வேர்டு கேட்டது. நீங்கள் சொன்னபடியே கிராஃபானா யாரையும் எதுவும் கேட்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு நிபந்தனை இருந்தது: கிராஃபானாவுக்கு வருபவர்கள் எல்லோரும் என்ஜின்எக்ஸைத் தாண்டித்தான் வந்தாக வேண்டும். அதை நீங்கள் நம்பினீர்கள், ஆனால் எந்த கான்ஃபிக் ஃபைலிலும் அது எழுதப்படவில்லை.

எந்தக் கன்டெய்னர் எப்படி ஓட வேண்டும் என்று எழுதும் டாக்கரின் கம்போஸ் ஃபைலில் “3000:3000” என்று போட்டிருப்பீர்கள். அதற்கு அர்த்தம், இந்த சர்வரின் எல்லா முகவரிகளிலும் 3000ஐத் திற என்பது. அதைத் திறப்பதற்கு டாக்கர் தானாகவே ஐபிடேபிள்ஸில் (லினக்ஸின் அடிப்படை ஃபயர்வால்) விதிகளை எழுதுகிறது. வெளியிலிருந்து 3000க்கு வரும் பாக்கெட்டின் சேருமிடம் வந்தவுடனேயே கன்டெய்னரின் முகவரியாக மாற்றப்படுகிறது. அதன் பிறகு அது சர்வருக்கான பாக்கெட் இல்லை, சர்வர் வழியாக வேறிடம் போகும் பாக்கெட். ஆகவே ஃபார்வர்டு என்ற பாதையில் போய்விடுகிறது. நீங்கள் யூஎஃப்டபிள்யூவில் எழுதிய விதிகள் இருப்பதோ இன்புட் என்ற பாதையில். யூஎஃப்டபிள்யூவின் ஸ்டேட்டஸ் உங்களிடம் பொய் சொல்லவில்லை, அதை யாரும் கேட்கவே இல்லை. இது ரகசியமும் இல்லை. டாக்கரும் யூஎஃப்டபிள்யூவும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத முறையில் இயங்குகின்றன என்று டாக்கரின் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. ஆனால் நிறுவும் அவசரத்தில் அந்தப் பக்கத்தை யார் படிக்கிறார்கள்?

முன்வாசலுக்குப் பூட்டுக்கு மேல் பூட்டு போட்டுவிட்டுக் கொல்லைப்புறக் கதவை ஒருக்களித்து வைத்த கதை இது. எச்டிடிபிஎஸ்ஸையும் பூட்டுக் கணக்கில் சேர்த்திருக்கிறீர்கள். வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாமல் செய்வது மட்டும்தான் அதன் வேலை. வருபவர் யார் என்று அது பார்ப்பதில்லை.

“முகவரி யாருக்கும் தெரியாதே”

தெரிய வேண்டிய அவசியமே இல்லை. ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான். 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட இசட்மேப் என்ற கருவி, ஒரே ஒரு கம்ப்யூட்டரையும் ஜிகாபிட் இணைப்பையும் வைத்து, ஒரு போர்ட்டுக்காக அந்த முகவரிகள் அத்தனையையும் 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிட்டது. இன்று ஷோடான், சென்சிஸ் போன்ற தேடுதளங்கள் இதை ஓயாமல் செய்து, கிடைத்ததைப் பட்டியல் போட்டு வைத்திருக்கின்றன. போதாக்குறைக்கு, எச்டிடிபிஎஸ்ஸுக்காக நீங்கள் வாங்கிய சான்றிதழில் உள்ள டொமைன் பெயர், யாரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேட்டில் ஏறியிருக்கும். டாஷ்போர்டுக்கு “கிராஃபானா” என்று தொடங்கும் துணை டொமைன் வைத்திருந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்றுகூட நீங்களே அறிவித்துவிட்டீர்கள். போர்ட் எண்ணை 34567 என்று மாற்றினாலும் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான்.

“வெறும் வரைபடம்தானே”

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இந்த வரிதான். ஆர்டர் எண்ணிக்கையைக் காட்டுவதற்காக, விற்பனைத் தளம் பயன்படுத்தும் அதே மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் கணக்கைக் கொடுத்து கிராஃபானாவை இணைத்ததாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்.

திரையில் வரைபடம் தெரிகிறதென்றால், அதற்குப் பின்னால் பிரவுசர் ஒரு கேள்வியை கிராஃபானாவுக்கு அனுப்புகிறது, கிராஃபானா அதை டேட்டாபேஸுக்கு அனுப்புகிறது. அந்தக் கேள்வியைப் பிரவுசர் பக்கத்தில் மாற்றி எழுத முடியும். வியூவர் நிலையில் இருப்பவரேகூட, டாஷ்போர்டில் உள்ள கேள்விகளை மட்டுமல்லாமல், அந்த ஆர்கனைசேஷனில் இணைத்துள்ள எந்தத் தரவு மூலத்துக்கும் எந்தக் கேள்வியையும் அனுப்பலாம். இதை கிராஃபானாவே தன் ஆவணத்தில் சொல்கிறது. டேட்டாபேஸுக்குப் போகும் எஸ்க்யூஎல் கட்டளை ஆபத்தானதா என்று சரிபார்ப்பதில்லை, டேபிளையே நீக்கும் கட்டளை வந்தாலும் அனுப்பிவிடுவோம், ஆகவே படிக்க மட்டும் உரிமையுள்ள தனிக் கணக்கைக் கொடுங்கள் என்றும் சொல்கிறது. நீங்கள் கொடுத்ததோ எழுதவும் அழிக்கவும் உரிமையுள்ள கணக்கு. ஆக, ‘இன்றைய ஆர்டர் எத்தனை’ என்று கேட்கும் இடத்தில் ‘வாடிக்கையாளர் டேபிளில் உள்ள பெயர், போன் எண், முகவரி எல்லாவற்றையும் கொடு’ என்று கேட்டிருந்தாலும் பதில் வந்திருக்கும்.

இதோடு அட்மின் நிலை வேறு. அட்மினால் புதிய சர்வீஸ் அக்கவுன்ட் (புரோகிராம்களுக்கான கணக்கு) உருவாக்கி, பாஸ்வேர்டு போலப் பயன்படும் டோக்கன் எடுத்துக்கொள்ள முடியும், ஆட்களைச் சேர்க்க முடியும், எச்சரிக்கைச் செய்திகள் எங்கே போகின்றன என்று பார்க்க முடியும். வந்தவர் ஒரு டோக்கன் எடுத்து வைத்திருந்தால், நீங்கள் அநாமதேய அனுமதியை மூடிய பிறகும் அந்த டோக்கன் வேலை செய்யும். “மூடிவிட்டேன், முடிந்தது” என்று நினைக்க முடியாததற்கு இதுதான் காரணம்.

எந்த வெர்ஷன் என்று நீங்கள் எழுதவில்லை. 8.0 தொடங்கி 8.3.0 வரையிலான பழைய வெர்ஷன் என்றால் நிலைமை இன்னும் மோசம். 2021 டிசம்பரில் வெளியான சிவிஇ-2021-43798 என்ற ஓட்டை வழியாக, லாகின் இல்லாமலே சர்வரில் உள்ள ஃபைல்களைப் படிக்க முடிந்தது. பழுது நீக்கிய 8.0.7, 8.1.8, 8.2.7, 8.3.1 ஆகியவையோ அவற்றுக்குப் பிந்தையவையோ என்றால் அந்தக் கவலை இல்லை.

உங்களுக்கு மட்டும் நடந்ததாக நினைத்துக் குறுகிப்போக வேண்டாம். 2018இல் டெஸ்லா நிறுவனத்தின் குபெர்னெட்டீஸ் (கன்டெய்னர்களை நிர்வகிக்கும் மென்பொருள்) நிர்வாகப் பக்கம் பாஸ்வேர்டு இல்லாமல் திறந்து கிடந்ததையும், யாரோ அதில் புகுந்து கிரிப்டோ நாணயம் தோண்டிக்கொண்டிருந்ததையும் ரெட்லாக் என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்தது. சம்பளம் வாங்கும் பாதுகாப்புக் குழு உள்ள இடத்திலேயே நடந்திருக்கிறது.

எதை முதலில், எதைப் பிறகு

வெளி ஃபயர்வாலில் மூடியாகிவிட்டது. அடுத்து சர்வரின் டிஸ்க்கை ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து முழு நகல்) எடுங்கள். அதற்கடுத்து, கிராஃபானா, புரோமீதியஸ் இரண்டு கன்டெய்னர்களின் லாக்கையும் (பதிவேட்டையும்) வேறு இடத்துக்குக் காப்பி செய்யுங்கள். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: கம்போஸ் ஃபைலில் போர்ட் வரியைத் திருத்திவிட்டு மறுபடி ஏற்றினால், டாக்கர் பழைய கன்டெய்னரை நீக்கிவிட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்கும். இயல்பான அமைப்பில் பழைய லாக்கும் அதோடு போய்விடும். சரிசெய்யும் ஆர்வத்தில் சாட்சியத்தை அழிப்பது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. சர்வரைப் புதிதாகப் போடலாமா என்று கேட்டீர்கள். போடலாம், போடுவது நல்லதும்கூட. ஆனால் ஸ்னாப்ஷாட் பத்திரமான பிறகு.

லாக்கில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். நேராக 3000க்கு வந்தவரின் சுவடு என்ஜின்எக்ஸ் லாக்கில் இருக்காது. கிராஃபானாவும் இயல்பாக எல்லாக் கோரிக்கைகளையும் பதிவு செய்வதில்லை, அதற்குத் தனியாக ஒரு அமைப்பை இயக்கியிருக்க வேண்டும். மைஎஸ்க்யூஎல்லின் பொது லாக் அநேகமாக அணைந்தே இருந்திருக்கும். ஆக, லாக்கில் ஒன்றும் இல்லையென்றால் “ஒன்றும் நடக்கவில்லை” என்று எழுதிவிடாதீர்கள். “நடந்ததற்கான பதிவு கிடைக்கவில்லை” என்று எழுதுங்கள். இரண்டுக்கும் சட்டத்தின் முன் நிறைய வித்தியாசம் உண்டு. கிளவுட் நிறுவனத்தின் பக்கத்தில் வெளியே போன டேட்டாவின் அளவு தெரியும், அதில் திடீர் உச்சம் எதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு கிராஃபானாவில் சர்வீஸ் அக்கவுன்ட்கள், டோக்கன்கள், யூசர்கள், நிலுவையில் உள்ள அழைப்புகள், தரவு மூலங்களின் முகவரிகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, எச்சரிக்கைச் செய்தி போகும் வெப்ஹூக் முகவரிகள், கிராஃபானா அட்மின் பாஸ்வேர்டு மூன்றையும், யாரும் எடுத்ததாகத் தெரியாவிட்டாலும், மாற்றிவிடுங்கள்.

மெயில் அனுப்பியவர்

சன்மானம் உண்டா என்று கேட்பது மிரட்டல் அல்ல. பணம் தராவிட்டால் வெளியிடுவேன் என்றால்தான் மிரட்டல். நீங்கள் காட்டிய வரிகளில் அப்படி எதுவும் இல்லை. கூச்சப்படாமல் நன்றி சொல்லி எழுதுங்கள். எப்போது பார்த்தார், எந்த ஐபி முகவரியிலிருந்து பார்த்தார், வரைபடத்தைத் தாண்டி எதையாவது திறந்தாரா, எதையாவது சேமித்து வைத்திருக்கிறாரா, வைத்திருந்தால் அழித்துவிட முடியுமா என்று கேளுங்கள். அந்த ஐபி முகவரி கிடைத்தால், லாக்கில் அவருடைய சுவடு எது, மற்றவர்களுடையது எது என்று பிரித்துப் பார்க்கலாம். பணம் கொடுக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. கொடுப்பதாக நீங்களாக வாக்குக் கொடுக்கவும் வேண்டாம், அது முதலாளியின் முடிவு. வழக்குப் போடுவேன் என்று மிரட்டவும் வேண்டாம். இன்னொரு ஓட்டையைப் பார்த்தால் அவர் அடுத்த முறை உங்களிடம் சொல்ல மாட்டார். மெயிலின் இணைப்பை மட்டும் அலுவலகக் கம்ப்யூட்டரில் திறக்காதீர்கள்.

பேச்சின் தொனி மாறி, பணமும் கெடுவும் வந்தால், பதில் எழுதுவதை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு முதலாளியிடமும் வழக்கறிஞரிடமும் போலீசிடமும் போங்கள்.

முதலாளியிடம் சொல்வது

வேலை போய்விடும் என்ற பயம் நியாயமானது, அதை நான் லேசாகப் பேசப்போவதில்லை. போகாது என்று உறுதி சொல்லவும் என்னால் முடியாது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். தவறாக அமைத்தது ஒரு கவனக்குறைவு. தெரிந்த பிறகு மெயிலை அழித்தால் அது மறைத்தல். முதலாவதை எந்த நிறுவனமும் மன்னிக்க இடமுண்டு. இரண்டாவதை மன்னிக்க அவர்கள் விரும்பினாலும் முடியாமல் போகலாம். தவிர, நீங்கள் அழித்தாலும் அனுப்பியவரிடம் அந்த மெயில் இருக்கும், தேதியோடு.

அந்தத் தேதிதான் முக்கியம். வாடிக்கையாளரின் சொந்த விவரங்கள் வெளியே போயிருக்கக்கூடும் என்றால், பல நாடுகளின் சட்டப்படி அதிகாரிகளுக்குக் குறிப்பிட்ட காலத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிடிபிஆர் சட்டத்தில், சம்பந்தப்பட்டவர்களுக்கு ஆபத்து வர வாய்ப்பில்லாத நிலையைத் தவிர, நிறுவனத்துக்குத் தெரியவந்ததிலிருந்து 72 மணி நேரம். உங்கள் வாடிக்கையாளர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்களோ அந்த நாட்டு விதி என்ன என்பதை ஒரு வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும், நான் வழக்கறிஞன் இல்லை. தெரிவிக்க வேண்டுமா வேண்டாமா என்பதை முடிவு செய்யும் அதிகாரமும் உங்களுக்கு இல்லை. நீங்கள் மௌனமாக இருந்தால், அந்த முடிவை நிறுவனத்தின் சார்பில் நீங்களே எடுத்ததாகத்தான் ஆகும். ஏற்கெனவே ஒரு வாரம் ஓடிவிட்டது.

ஆகவே இன்றே, நேரில் சொல்லிவிட்டு, எழுத்திலும் கொடுங்கள். என்ன திறந்திருந்தது, எப்போதிலிருந்து, எதைப் பார்த்திருக்க முடியும், எதற்குப் பதிவு இல்லை, இதுவரை என்ன செய்தேன், இன்னும் என்ன பாக்கி. ஒரு பக்கம் போதும். “ஹேக் செய்துவிட்டார்கள்” என்று எழுத வேண்டாம். உடைத்துக்கொண்டு யாரும் வந்ததாகத் தெரியவில்லை, திறந்திருந்தது. சாக்கும் வேண்டாம், தன்னையே திட்டிக்கொள்வதும் வேண்டாம்.

இனி எப்படி வைப்பது

ஒரே லாகினில் எல்லாவற்றுக்குள்ளும் போக உதவும் பெரிய சிங்கிள் சைன்-ஆன் சர்வர் ஒன்றை நிறுவப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். சில பேர் பார்க்கும் டாஷ்போர்டுக்கு, ஒற்றை ஆளாக இருக்கும் நீங்கள் பராமரிக்க வேண்டிய இன்னொரு சர்வர் அது. என்னைக் கேட்டால் வேண்டாம். வயர்கார்டு போன்ற ஒரு விபிஎன் (உங்கள் ஆட்களுக்கு மட்டுமான தனிப்பாதை) போட்டு, டாஷ்போர்டை இணையத்திலிருந்தே எடுத்துவிடுங்கள். கிராஃபானாவின் சொந்த லாகினைத் திரும்பக் கொண்டுவாருங்கள். இரண்டு தடவை பாஸ்வேர்டு கேட்பதுதான் புகார் என்றால், எடுக்க வேண்டியது என்ஜின்எக்ஸின் பாஸ்வேர்டை, கிராஃபானாவுடையதை அல்ல. யார் உள்ளே வந்தார், அவருக்கு என்ன உரிமை என்று தெரிந்துவைத்திருப்பது கிராஃபானாதான்.

டிவிக்காக அநாமதேய அனுமதி வேண்டுமென்றால், அதற்கென்று கிராஃபானாவுக்குள் தனி ஆர்கனைசேஷன் (தனிப் பிரிவு) ஒன்றை உருவாக்கி, வியூவர் நிலை மட்டும் கொடுத்து, அந்த ஆர்கனைசேஷனில் படிக்க மட்டும் உரிமையுள்ள டேட்டாபேஸ் கணக்கை மட்டும் இணையுங்கள். அந்தக் கணக்குக்கும் வாடிக்கையாளர் டேபிள் தெரிய வேண்டாம், ஆர்டர் எண்ணிக்கை மட்டும் தெரிந்தால் போதும்.

கம்போஸ் ஃபைலில் “127.0.0.1:3000:3000” என்று எழுதுங்கள், அதாவது சர்வருக்குள்ளிருந்து மட்டும் திறக்கட்டும். என்ஜின்எக்ஸும் ஒரு கன்டெய்னர் என்றால் இரண்டையும் ஒரே டாக்கர் நெட்வொர்க்கில் வைத்துவிட்டு, போர்ட் வரியையே நீக்கிவிடலாம், அது இன்னும் நல்லது. புரோமீதியஸுக்கும் இதேதான். அது இயல்பாக யாரிடமும் பாஸ்வேர்டு கேட்பதில்லை, உங்கள் உள் சர்வர்களின் பெயர்களையும் முகவரிகளையும் வரிசையாகக் காட்டும்.

ஒரு வலையைப் பற்றியும் எச்சரித்துவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து நீங்கள் தேடிப் போகக்கூடியது அதுதான். என்ஜின்எக்ஸ் யூசரைச் சரிபார்த்து, அவர் பெயரைக் கோரிக்கையோடு போகும் ஹெடர் என்ற குறிப்பில் வைத்து அனுப்ப, கிராஃபானா அதை அப்படியே நம்பும் ஆத் பிராக்ஸி முறை ஒன்று உண்டு. வசதியானதுதான். ஆனால் கிராஃபானாவை நேராக எட்ட முடிந்த எவரும் அதே ஹெடரில் “அட்மின்” என்று தானே எழுதி அனுப்பலாம். எந்த ஐபியிலிருந்து வரும் ஹெடரை மட்டும் நம்ப வேண்டும் என்று குறிப்பிடும் பட்டியலை நிரப்பாமல் இதை இயக்கினால், இதே கடிதத்தை இன்னொரு தடவை எனக்கு எழுத வேண்டியிருக்கும். ‘உள்ளூர் முகவரிக்குப் பாஸ்வேர்டு வேண்டாம்’ என்ற வசதியுள்ள மென்பொருள்களிலும் இதே சிக்கல்தான். முன்னால் பிராக்ஸி வந்தவுடன், உலகத்தில் யார் வந்தாலும் பிராக்ஸியின் உள்ளூர் முகவரியிலிருந்து வந்தது போலத் தெரிவார்கள்.

எல்லாம் முடிந்ததும், வேறொரு நெட்வொர்க்கிலிருந்து தினமும் ஓடும் ஒரு சிறு சோதனையை அமையுங்கள். 3000, 9090 இரண்டிலும் இணைப்பே கிடைக்கக் கூடாது. விபிஎன்னுக்குள்ளிருந்து இன்னொரு சோதனை: லாகின் இல்லாமல், தரவு மூலங்களைப் பட்டியலிடும் ஏபிஐ முகவரியை (புரோகிராம்கள் பேசும் முகவரி) கேட்டால் 401 என்ற மறுப்பு எண் வர வேண்டும், டிவிக்காக அநாமதேய அனுமதி வைத்திருந்தால் 403. லாகின் பக்கத்தையோ ஹெல்த் பக்கத்தையோ வைத்துச் சோதிக்காதீர்கள், அவை யாருக்கும் 200, அதாவது ‘சரி’, என்றுதான் சொல்லும். ஏபிஐ முகவரியில் 200 வந்தால் உங்கள் போனுக்குச் செய்தி வரட்டும். கம்போஸ் ஃபைலை யார் தொட்டாலும், வெர்ஷன் ஏற்றினாலும், அன்றே இரண்டையும் கையாலும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.